கம்பியைக் காக்கத்தான் ஃப்யூஸ்: ஸ்விஃப்ட் காரில் ஆம்ப்ளிஃபையர் வயரிங்கை மாற்றிய அனுபவம்

சித்தப்பா மகன் தன் ஸ்விஃப்டில் கோவையில் ஒரு கார் அக்சஸரீஸ் கடையில் ஆம்ப்ளிஃபையர் மாட்டியிருந்தான். நான்கு சேனல் ஆம்ப், முன் கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் டிக்கியில் பேஸுக்கென்று ஒரு சப்வூஃபர். கொஞ்ச நாளாக இரண்டு தொந்தரவு. என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டால், பேஸ் பலமாக வரும் இடத்தில் ஆம்ப் சட்டென்று நின்று, புரொடெக்ட் விளக்கு (ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றதைக் காட்டுவது) எரிந்து, பிறகு தானாக உயிர் பெறுகிறது. இன்னொன்று, பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. "ஃப்யூஸ் நல்லாத்தானுங்ணா இருக்கு, கழட்டிப் பார்த்துட்டேன்" என்றான். தீய்ந்த வாடை வருகிறது, ஃப்யூஸ் மட்டும் முழுசாக இருக்கிறது என்றால் உடனே பார்க்க வேண்டிய காரியம் அது. அந்த வார இறுதியிலேயே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் அளந்து பார்த்துவிட வேண்டும். கழற்றிவிட்டால் எது எவ்வளவு மோசமாக இருந்தது என்பதற்குச் சாட்சியே இருக்காது. இதற்கு ஒரு மல்டிமீட்டரும் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரும் வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் கையில் இருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசியை மட்டும்தான் அளக்கும், கார் வயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். டிசியும் படிக்கும் மாடல் என்று கேட்டு வாங்க வேண்டும். என்னிடம் இருப்பது யூனி-டி யுடி210இ. 100 ஆம்பியர் வரை டிசி படிக்கும், இந்த வேலைக்குத் தாராளம்.

என்ஜின் ஓடாமல், 50 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றைப் போனில் ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டர் 25 ஆம்பியர் காட்டும்வரை வால்யூமை ஏற்றினேன். சில விநாடிகளுக்கு மேல் இப்படி விடக்கூடாது. பாட்டில் வரும் பேஸ் விட்டுவிட்டு அடிக்கும், டோன் இடைவிடாமல் அடிக்கும், ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் சூடேறிவிடும். அந்தச் சில விநாடிக்குள் பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் ஆம்பின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே மீட்டரை வைத்தால் அந்த வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று நேரடியாகத் தெரிந்துவிடும். 0.71 வோல்ட் காட்டியது. அதில் ஃப்யூஸ் ஹோல்டரின் இரு பக்கமும் மட்டும் வைத்துப் பார்த்தபோது 0.26. ஆம்பின் நெகட்டிவ் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.43. போக வர இரண்டு பக்கமும் சேர்த்து 1.14 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது.

25 ஆம்பியரில் இது என்றால், பேஸ் உச்சத்தில் 40 ஆம்பியர் இழுக்கும்போது 1.8 வோல்ட் போகும். என்ஜின் ஓடாதபோது பேட்டரியே அந்தச் சுமையில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். மிச்சம் ஆம்புக்குப் போய்ச் சேர்வது 10 வோல்ட் சொச்சம். பெரும்பாலான ஆம்ப்கள் அந்த அளவை ஒட்டி வந்ததும் தம்மை அணைத்துக்கொள்ளும். முதல் தொந்தரவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆம்பில் ஒரு கோளாறும் இல்லை.

இரண்டாவதற்கும் விடை அதே அளவுகளில் இருக்கிறது. ஃப்யூஸ் ஹோல்டரில் 0.26 வோல்ட், 25 ஆம்பியர். பெருக்கினால் 6.5 வாட். கட்டை விரல் அளவு பிளாஸ்டிக் குழாய்க்குள், அதுவும் என்ஜின் சூட்டில், ஆறரை வாட் வெப்பம். அது ஏஜியு என்று சொல்லும் கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் வைக்கும் ஹோல்டர். ஃப்யூஸின் இரு முனையிலும் உள்ள மூடியை ஸ்பிரிங் மாதிரியான தகடு பிடித்துக்கொள்ளும், வயரை ஒரு சின்ன ஸ்க்ரூ அழுத்தும். வண்டி அதிர அதிர இரண்டுமே தளரும். தளர்ந்தால் தொடும் இடத்தில் மின்தடை கூடும், தடை கூடினால் சூடு, சூடேறினால் தகட்டின் பிடி இன்னும் தளரும். கரண்ட் அளவு மீறவே இல்லை என்பதால் ஃப்யூஸுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை, அது பேசாமல் இருக்கும். ஹோல்டரின் ஒரு முனை பழுப்பேறி வளைந்திருந்தது. ஃப்யூஸின் மேல் 80 ஆம்பியர் என்று போட்டிருந்தது.

அந்த 80 தான் எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது. அதற்கு முன் அந்த வயர் என்ன வயர் என்று பார்த்துவிடலாம்.

நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு (பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது) பழைய வயரை முழுதாக உருவி எடுத்தேன். வெளியே பார்க்க நல்ல கனம், சிவப்பு, பளபளப்பு. '4 கேஜ்' என்று அச்சடித்திருந்தது. ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க வயர் அளவில் 4 என்றால் உலோகத்தின் குறுக்குப் பரப்பு 21 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றே கூட இருக்க வேண்டும். பல கிட்களில் வெறும் 'கேஜ்' என்று மட்டும் போட்டு, எந்த அளவுமுறை என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். ஒரு துண்டு வெட்டி இழைகளை எண்ணினேன், 160. மைக்ரோமீட்டரில் ஒரு இழையின் விட்டம் 0.25 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் மொத்தப் பரப்பு 7.85 சதுர மில்லிமீட்டர். அதாவது 8 ஏ.டபிள்யூ.ஜி.யைவிடவும் சற்றுக் குறைவு. கனமாகத் தெரிந்தது எல்லாம் மேலே போர்த்திய பிவிசி.

அப்புறம் ஒரு இழையை பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி மாதிரி வெள்ளையாக வந்தது. செம்பு பூசிய அலுமினியம், சுருக்கமாக சிசிஏ. (தகரம் பூசிய செம்பு இழை இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே செம்பு. குழப்பிக்கொள்ளக் கூடாது.) இன்னொரு சோதனை எடை. செம்பின் அடர்த்தி 8.96, சிசிஏ கிட்டத்தட்ட 3.3 முதல் 3.6 வரை. 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் மீட்டருக்கு உலோகம் மட்டும் 143 கிராம் வரும். அதே அளவு சிசிஏ 55 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். கடையில் சுருளைக் கையில் தூக்கும்போதே பழகியவர்களுக்குத் தெரிந்துவிடும். லைட்டர் நெருப்பில் இழையைக் காட்டினால் அலுமினியம் உருண்டு அறுந்துவிடும், செம்பு சிவக்கும், அறாது என்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் பிளேடு இருக்கும்போது நெருப்பு எதற்கு.

சிசிஏ என்பதே தவறான பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே பரப்புக்குச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்தடை, அதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப இரண்டு அளவு பெரிதாகப் போட்டால் வேலை செய்யும். ஆனால் நம் ஊர்ப் பானெட்டுக்குள் ஈரமும் சூடும் மாறி மாறி வரும். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் படிந்துகொண்டே இருக்கும், ஸ்க்ரூ அழுத்தத்தில் அலுமினிய இழை நசுங்கித் தளரவும் செய்யும். பேட்டரி பக்கத்து முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அதைத் திரும்பப் போட மனசு இல்லை.

எத்தனை ஆம்பியர் தேவை

ஆம்பின் அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் 2000 வாட் என்று இருந்தது. அதை மறந்துவிட வேண்டும். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய அளவு. சிஇஏ-2006 முறைப்படி அளந்தது என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. அது 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், 1 சதவீத டிஸ்டார்ஷனுக்குள் அளந்த எண். இந்த ஆம்பின் புத்தகத்தில் சேனலுக்கு 60 வாட், இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்தால் (ஒரே ஸ்பீக்கருக்குச் சேர்த்துக் கொடுத்தால்) 180 வாட் என்று இருந்தது. முன் கதவுகளுக்கு 60 வீதம் இரண்டு, சப்வூஃபருக்கு 180. மொத்தம் 300 வாட்.

இது கிளாஸ் ஏபி ஆம்ப். உள்ளே போகும் மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்குப் போகும், மிச்சம் ஹீட் சிங்க்கில் சூடாகப் போகும். 55 சதவீதம் என்று வைத்தால் 300 வாட் வெளியே வர 545 வாட் உள்ளே போக வேண்டும். 13.8 வோல்ட்டால் வகுத்தால் 39.5 ஆம்பியர், சரி 40. கிளாஸ் டி ஆம்பாக இருந்தால் 80 சதவீதம் போட்டுக்கொள்ளலாம், அப்போது அதே 300 வாட்டுக்கு 27 ஆம்பியர் போதும். ஆம்பைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் இதை யோசிக்கலாம். சின்ன கார், சின்ன பேட்டரி என்றால் கிளாஸ் டி வாங்குவதே வயரிங் செலவையும் மிச்சப்படுத்தும்.

ஆம்பின் முதுகிலேயே இருக்கும் ஃப்யூஸ்களும் ஒரு குறிப்பு கொடுக்கும். இதில் 25 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ் இரண்டு, மொத்தம் 50. ஐம்பது ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கி 55 சதவீதம் எடுத்தால் 380 வாட். அந்தப் பெட்டி சொல்லும் 2000 வாட் அந்த ஃப்யூஸ் வழியாக ஒருபோதும் போக முடியாது. கடையில் நிற்கும்போது ஆம்பைத் திருப்பி ஃப்யூஸைப் பார்த்தாலே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

பாட்டுக் கேட்கும்போது சராசரி இதில் கால் பங்கு கூட வராது. ஆனால் வயரின் வோல்ட் இழப்பை உச்சத்துக்குத்தான் கணக்கிட வேண்டும், ஏனென்றால் ஆம்ப் தடுக்கி விழுவது உச்சத்தில்தான்.

எந்த வயர்

பேட்டரியிலிருந்து டிக்கி வரை வயர் போகும் வழியே ஒரு கயிற்றை விட்டு அளந்தேன், 5.2 மீட்டர். வரைபடத்தில் பார்ப்பதைவிட எப்போதும் ஒரு மீட்டராவது கூடுதலாக வரும், வளைவுகள் தின்றுவிடும். நான் வைத்திருக்கும் எல்லை, உச்சக் கரண்டில் போக வர மொத்தம் அரை வோல்ட்டுக்குள் இழப்பு.

நம் ஊரில் கேஜ் கணக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஸ்கொயரில், அதாவது சதுர மில்லிமீட்டரில், பேசுவதே நல்லது. எலக்ட்ரிகல் கடையில் எல்லாமே ஸ்கொயர் எம்.எம்.தான், அந்த அளவுகளுக்கு ஓர் எல்லைக்குமேல் மின்தடை இருக்கக் கூடாது என்று தரக்கட்டுப்பாடும் இருக்கிறது. மெல்லிய இழைகளால் ஆன செம்பு வயரில் மீட்டருக்கு 6 ஸ்கொயர் 3.3 மில்லி ஓம், 10 ஸ்கொயர் 1.91, 16 ஸ்கொயர் 1.21, 25 ஸ்கொயர் 0.78. இந்த நான்கு எண்கள் தெரிந்தால் போதும். 5.2 மீட்டருக்கு, 40 ஆம்பியரில்: 10 ஸ்கொயரில் 0.40 வோல்ட் போகும், 16 ஸ்கொயரில் 0.25, 25 ஸ்கொயரில் 0.16. பத்து ஸ்கொயர் போட்டால் பாசிட்டிவ் பக்கமே எல்லையை நெருங்கிவிடுகிறது, எர்த்துக்கும் (ஆம்பின் நெகட்டிவிலிருந்து கார் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் வழி) ஃப்யூஸுக்கும் இடமில்லை. இருபத்தைந்து நன்றாக இருக்கும், ஆனால் இந்த ஆம்பின் துளையில் அது நுழையாது, ஸ்விஃப்டின் ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) ரப்பரிலும் சிரமம். பதினாறு என்று முடிவு செய்தேன்.

சூட்டையும் மறக்கக் கூடாது. இந்த எண்கள் 20 டிகிரிக்கு. செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். என்ஜின் பக்கம் 80 டிகிரியில் இருக்கும் பகுதிக்கு ஏறக்குறைய கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். வயரின் பெரும்பகுதி கேபினுக்குள் போவதால் மொத்தத்தில் பெரிய மாற்றமில்லை, ஆனால் இன்சுலேஷனுக்கு அது பெரிய விஷயம். வீட்டு வயரின் சாதாரண பிவிசிக்கு 70 டிகிரிதான் எல்லை. கேபினுக்குள் மட்டும் என்றால் நல்ல கம்பெனி ஃப்ளெக்ஸிபிள் ஹவுஸ் வயர் தாராளமாகப் போடலாம். பானெட்டுக்குள் நான் அதை விரும்பவில்லை.

நான் வாங்கியது வெல்டிங் கேபிள். கோவையில் இதற்குப் பஞ்சமே இல்லை. மோட்டார், பம்ப், ஃபவுண்டரி என்று ஊர் முழுக்க வொர்க்‌ஷாப் இருப்பதால் கணபதி பக்கம் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். தலைமுடி போன்ற இழைகள், நன்றாக வளையும். இதிலும் இரண்டு விஷயம் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, செம்பா அலுமினியமா; அலுமினிய வெல்டிங் கேபிளும் விற்கிறது. இரண்டு, மேலுறை எச்.ஓ.எஃப்.ஆர். ரகமா என்பது. அது சூடு, எண்ணெய், தீ மூன்றையும் தாங்கும் ரப்பர் உறை. சாதாரண ரப்பர் உறை என்ஜின் ஆயில் பட்டுப் பட்டு ஊறிப்போகும். கறுப்பு நிறத்தில்தான் கிடைத்தது, இரு முனையிலும் சிவப்பு ஸ்லீவ் போட்டுக்கொண்டேன். நாளைக்கு வேறு மெக்கானிக் கை வைக்கும்போது அது பாசிட்டிவ் என்று தெரிய வேண்டும்.

ஃப்யூஸ்

பேட்டரி பக்கத்து ஃப்யூஸ் ஆம்பைக் காக்க வைத்தது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். ஆம்புக்கு அதன் முதுகிலேயே ஃப்யூஸ் இருக்கிறது. பேட்டரி பக்கத்து ஃப்யூஸ் அந்த ஐந்து மீட்டர் வயரைக் காக்க மட்டும்தான். எங்காவது சீட் தண்டவாளத்திலோ கதவோரத் தகட்டிலோ உரசி இன்சுலேஷன் கிழிந்து பாடியைத் தொட்டால், பேட்டரி தன்னால் முடிந்த அளவு கரண்டை அதில் தள்ளும். ஸ்விஃப்டில் இருக்கும் மாதிரி சின்ன பேட்டரி கூட ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியரைத் தொடும். அந்த நேரத்தில் வயர் உருகுவதற்கு முன் உருகுவதற்காக ஒன்று வேண்டும், அதுதான் ஃப்யூஸ். ஆகவே அதன் அளவைத் தீர்மானிப்பது வயர். ஆம்புக்கு வேண்டிய கரண்ட் போகும் அளவுக்குப் பெரிதாகவும், வயர் நிரந்தரமாகத் தாங்கும் அளவுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் இடமே இல்லையென்றால் வயர் சின்னது என்று அர்த்தம். ஃப்யூஸை ஏற்றி அதைச் சரிக்கட்ட முடியாது.

பழைய 80 ஆம்பியர் ஃப்யூஸ் ஏன் பயம் என்றால், முழு ஷார்ட் ஆனால் அது போய்விடும், அதில் பிரச்சினை இல்லை. அரைகுறை ஷார்ட்தான் ஆபத்து. உரசிய வயர் துருப்பிடித்த தகட்டை லேசாகத் தொட்டு 100 ஆம்பியர் மட்டும் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 ஆம்பியர் ஃப்யூஸுக்கு இது 125 சதவீதம். ஃப்யூஸ் என்பது அதன் மேல் போட்டிருக்கும் எண்ணைத் தாண்டியதும் துண்டிக்கும் ஸ்விட்ச் அல்ல. உதாரணத்துக்கு, கார்களில் இருக்கும் சாதாரண பிளேடு ஃப்யூஸை எடுத்துக்கொண்டால், 110 சதவீதக் கரண்டை 100 மணி நேரம் தாங்க வேண்டும் என்பதே அதன் விதி. 135 சதவீதத்தில் போவதற்குப் பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். இரட்டிப்புக் கரண்டிலேயே ஐந்து விநாடி வரை அனுமதி உண்டு. ஆக, அந்த 100 ஆம்பியரை 80 ஆம்பியர் ஃப்யூஸ் நிமிடக் கணக்கில் பார்த்துக்கொண்டு இருக்கும். அதற்குள் அந்த 7.85 ஸ்கொயர் சிசிஏ வயரில் மீட்டருக்கு 35 வாட் சூடு. கார்ப்பெட்டுக்கு அடியில், காற்றே இல்லாத இடத்தில். பிவிசி இளகி ஒழுகும், பக்கத்தில் ஓடும் கம்பெனி வயரிங்கையும் சேர்த்து இழுக்கும். கார் தீப்பிடித்த செய்திகளில் 'மின்கசிவு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், உள்ளே நடப்பது பல சமயம் இப்படி ஒன்றாகத்தான் இருக்கும்.

புதிய 16 ஸ்கொயர் செம்பில் அதே 100 ஆம்பியருக்கு மீட்டருக்கு 12 வாட்தான். ஃப்யூஸ் 60 ஆம்பியர் போட்டேன். ஏன் 50 இல்லை என்று தம்பி கேட்டான். ஃப்யூஸை அதன் எண்ணில் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் இருப்பது நல்ல பழக்கம், அதுவும் சூடான இடத்தில் அது இன்னும் சீக்கிரம் களைக்கும். 60-இல் முக்கால் பங்கு 45, நம் உச்சம் 40. ஐம்பதும் தப்பில்லை, ஓடும். எழுபது எண்பதுக்கு மட்டும் போகத் தேவையே இல்லை. அந்த 16 ஸ்கொயர் வயரும் மூடிய இடத்தில் 60-ஐ நிம்மதியாகச் சுமக்கும்.

ரகம்: மிடி ஃப்யூஸ். இரண்டு பக்கமும் துளை போட்ட தகடு, 30 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு எம்5 போல்ட், அதில் லக்கை (வயர் முனையில் மாட்டும் துளையுள்ள உலோகக் காது) வைத்து நட்டால் முடுக்குவது. ஸ்பிரிங் பிடி கிடையாது. கார் கம்பெனிகளே பேட்டரி மேல் வைக்கும் ஃப்யூஸ் பெட்டிகளில் இந்த ரகத்தைத்தான் பயன்படுத்துகின்றன. பெரிய சிஸ்டம் என்றால் ஏஎன்எல், அதுவும் போல்ட் போடும் ரகம்தான். ஏஜியு கண்ணாடி ஃப்யூஸை இனி எந்த வண்டியிலும் போட மாட்டேன். ஃப்யூஸ் மட்டும் லிட்டல்ஃப்யூஸ் அல்லது பஸ்மேன் மாதிரித் தெரிந்த பெயரில் வாங்குவது என் வழக்கம். பெயரில்லாத ஃப்யூஸ்களில் போட்டிருக்கும் எண்ணைப் போல இரண்டு மடங்கு கரண்டிலும் போகாமல் நிற்பவை சந்தையில் நிறைய. எலக்ட்ரிகல் கடையில் வீட்டு எம்சிபியைப் போடச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். அது ஏசிக்கும் சுவருக்கும் செய்தது, அதிரும் பானெட்டுக்குள் டிசியில் அதன் நடத்தைக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. போன ஃப்யூஸில் செம்பு இழையைச் சுற்றி ஓட்டுவதையும் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுற்றுவதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒரு ஸ்பேர் ஃப்யூஸை டாஷ்போர்டில் போட்டு வையுங்கள், அவ்வளவுதான்.

இடம், பேட்டரி பாசிட்டிவிலிருந்து எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம். 45 சென்டிமீட்டருக்குள் என்பது பொதுவான விதி. எனக்கு 20-க்குள் முடிந்தது. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் இருக்கும் துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதால் அதற்கு இரட்டை ஸ்லீவ்.

மாட்டிய விதம்

லக் அடிப்பதில்தான் பெரும்பாலான வீட்டு வேலைகள் கெட்டுப்போகின்றன. பிளையரால் நசுக்கி, சுத்தியலால் தட்டி, மேலே ஈயம் ஊற்றுவது. நான் கேபிளையும் டின் பூசிய செம்பு லக்குகளையும் எடுத்துக்கொண்டு கணபதியில் பேனல் போர்டு செய்யும் பட்டறைக்குப் போனேன். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல், 16 ஸ்கொயர் டை. ஐந்து நிமிட வேலை. பேட்டரி கிளாம்புக்கு 6 மில்லி துளை, ஃப்யூஸுக்கு 5 மில்லி, எர்த்துக்கு 8 மில்லி. ஆம்ப் பக்கம் ஸ்க்ரூ அழுத்தும் முனை என்பதால் லக் இல்லை, இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழலான எண்ட் ஸ்லீவ். வெறும் மெல்லிழைகளை ஸ்க்ரூ அறுத்துவிடும். முனையில் ஈயம் பூசி ஸ்க்ரூ போடுவதும் கூடாது. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்துகொடுக்கும், சில மாதத்தில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். லக் கழுத்துகளுக்குப் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க், முழு நீளத்துக்கும் பானெட் பகுதியில் ஃப்ளெக்ஸிபிள் பைப்.

ஃபயர்வாலில் ஏற்கெனவே கம்பெனி வயரிங் நுழையும் ரப்பர் கிராமெட் இருக்கிறது, அதில் ஓரமாகத் துளைத்து நுழைத்தேன். தகட்டில் புதுத் துளை போட்டால் அதற்கும் கட்டாயம் கிராமெட் வேண்டும், வெறும் தகடு விளிம்பு கத்திதான். நுழையும் இடத்துக்கு முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். மழைநீர் வயர் வழியே ஓடிவந்தால் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது. கதவோரப் பட்டைகளைக் கழற்றும்போது மஞ்சள் நிற ஸ்லீவோ கனெக்டரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக், அதைத் தொடாமல் வேறு பக்கம் போய்விட வேண்டும். பவர் வயர் இடது பக்கம், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டு சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள்கள் வலது பக்கம்.

எர்த்துக்கு முன்பு கடைக்காரர் டிக்கி டிரிம் ஸ்க்ரூவில் பெயின்ட்டின் மேலேயே மாட்டியிருந்தார். அந்த 0.43 வோல்ட்டில் பெரும்பகுதி அங்கேதான் போனது. டிக்கித் தரையில் ஒரு கனமான தகட்டைத் தேர்ந்து, அடியில் பெட்ரோல் டேங்கோ பைப்போ இல்லை என்று கீழே படுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, எம்8 போல்ட்டுக்குத் துளை போட்டேன். லக் உட்காரும் வட்டத்துக்குப் பெயின்ட்டைப் பளபளக்கும்வரை சுரண்டி, ஸ்டார் வாஷர், நட்டு, மேலே பெட்ரோலியம் ஜெல்லி, அடிப்பக்கம் துருத்தடுப்புப் பெயின்ட். சீட் பெல்ட் போல்ட்டைச் சிலர் எர்த்துக்குப் பயன்படுத்துகிறார்கள். உயிரைப் பிடித்துக்கொள்ளும் போல்ட் அது, அதன் அடியில் லக்கைச் சொருகக் கூடாது. எர்த் வயரும் அதே 16 ஸ்கொயர், 45 சென்டிமீட்டர் நீளம்.

ஸ்பீக்கர் வயர்களில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கதவுகளுக்கு 1.5 ஸ்கொயர், சப்வூஃபருக்கு 2.5 ஸ்கொயர், இரண்டும் செம்பு. ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயர் இருந்ததே போதும்.

தம்பி ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் வாங்கலாமா என்றும் கேட்டான், விளக்கு மங்குவது நிற்கும் என்று யாரோ சொன்னார்களாம். 13.8 வோல்ட்டிலிருந்து 12.8-க்கு இறங்கும்போது ஒரு ஃபாரட் தருவது 13 ஜூல் சொச்சம். 545 வாட் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்குக்குத்தான் வரும். அந்தப் பணத்துக்கு நல்ல செம்பு வாங்கலாம் என்றேன்.

மாற்றிய பின்

அதே டோன், அதே 25 ஆம்பியர். பாசிட்டிவ் பக்கம் ஃப்யூஸும் லக்குகளும் சேர்த்து 0.19 வோல்ட். எர்த் பக்கம், பாடியும் பேட்டரியின் கம்பெனி நெகட்டிவ் கேபிளும் சேர்த்து 0.06. மொத்தம் 0.25. முன்பு 1.14. நாற்பது ஆம்பியர் உச்சத்துக்குக் கணக்கிட்டால் 0.4 வோல்ட், எல்லைக்குள் வந்துவிட்டது. முன்பு ஆம்ப் நின்றுபோன அதே பாட்டை என்ஜின் அணைத்த நிலையில் அதே வால்யூமில் ஓடவிட்டோம், நிற்கவில்லை. அரைமணி நேரம் கழித்து ஃப்யூஸ் ஹோல்டரைத் தொட்டால் பக்கத்துத் தகட்டின் சூடுதான் இருந்தது.

ஹெட்லைட் மட்டும் ஐடிலில் பலமான பேஸுக்கு இன்னும் லேசாகச் சிமிட்டுகிறது. அது வயரின் வேலை இல்லை, அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் தருவது அவ்வளவுதான். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை வைத்துக்கொண்டு என்ஜின் அணைத்து மணிக்கணக்கில் சத்தமாகக் கேட்க வேண்டாம், ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை ஸ்பானர் போட்டுப் பார்த்தேன். ஃப்யூஸ் ஹோல்டரில் ஒன்று மட்டும் கால் சுற்று வாங்கியது, மற்றவை அசையவில்லை. டிக்கி டிரிம்மின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் வயர் அளவு, ஃப்யூஸ் ரகம், 60 ஆம்பியர், எர்த் போல்ட் இருக்கும் இடம், மாற்றிய தேதி எல்லாம் எழுதி ஒட்டியாகிவிட்டது. ஸ்பேர் மிடி ஃப்யூஸும் பத்தாம் நம்பர் ஸ்பானரும் அதன் பக்கத்திலேயே ஒரு ஜிப் பையில் இருக்கின்றன.